பழைய வீடுகளும் படியேற இயலாதவர்களும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியைப் பற்றியோ, திருமணச் செலவைச் சுருக்குவதைப் பற்றியோ நான் பேசுவேன் என்று காரியதரிசி அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவ்விரண்டையும் என்னினும் நன்றாக எடுத்துரைக்க வல்லவர்கள் இம்மேடையிலேயே வீற்றிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம் படிக்கட்டு. நகைக்க வேண்டாம். நம் முன்னோர் கட்டிய வீடுகளின் வாசற்படியைப் பற்றியும், அதனை ஏற இயலாமல் வீதியிலேயே நின்றுவிடுகிறவர்களைப் பற்றியும் சிறிது நேரம் உங்கள் செவிகளை வேண்டுகிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஓர் ஆவணி மாதத்தில் எங்கள் பெரிய வீட்டில் என் தம்பி மகளுக்குத் திருமணம் நடந்தது. என் தகப்பனாருடன் பிறந்த அத்தை அப்போது 84 வயதினர். அவ்வீட்டிலே பிறந்து, அவ்வளவிலே விளையாடி, அங்கேயே திருப்பூட்டப் பெற்று வேற்றூர் சென்றவர். திருமணத்துக்கு முந்திய ஆண்டில் இடுப்பு எலும்பு முறிந்து, சிகிச்சைக்குப் பின்னும் நடை மீளாமல், சக்கர நாற்காலியில் இருந்து வந்தார். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே மோட்டாரில் வந்து சேர்ந்தார். வாசலில் ஐந்து படிகள். பையன்கள் இருவர் ஓடிவந்து நாற்காலியோடு தூக்க முனைந்தார்கள். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார். “வேண்டாமப்பா. நான் ஓடியாடிய வீட்டுக்குள்ளே மூட்டையாகப் போக மாட்டேன்,” என்றார். எவ்வளவு சொல்லியும் இசையவில்லை. மணமக்கள் வாசலுக்கு வந்து மோட்டாரின் அருகே வணங்கி ஆசி பெற்றார்கள். பலகாரமும் காப்பியும் வீதிக்குப் போயின. நாதஸ்வர ஓசையை வீதியிலிருந்தே கேட்டுவிட்டு அவர் ஊர் திரும்பினார்.

அன்று பந்தியில் எனக்கு இலை போட்டிருந்தது. உண்டேன்; ஆனால் என்ன உண்டேன் என்பது நினைவில்லை.

அவ்வாரத்திலேயே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டை அளக்கத் தொடங்கினேன். ஆயுள் முழுவதும் புழங்கிய வீட்டை அன்றுதான் கண்டேன் என்று சொன்னால் மிகையாகாது. நம் வீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியாததன்று. ஒரு வீதியில் தலைவாசல். மறு வீதியில் பின்வாசல். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரே நேர்கோட்டில் நீள்வது. தலைவாசலில் நின்று நோக்கினால் பின்வாசலின் வெளிச்சம் தெரியும். இந்நீளத்தில் ஓர் அரிய சௌகரியம் அடங்கியிருக்கிறது. அதனை இதுகாறும் யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. திண்ணைக்கு மேலே ஒருமுறை ஏறிவிட்டால், வளவைச் சுற்றிய தாழ்வாரம் உட்பட அடுப்படி வரையில் எங்கள் வீட்டின் நடைத்தளம் முழுவதும் ஏறக்குறைய ஒரே மட்டம். மாடியில் மாத்திரம் வாழ்க்கை நடத்துகின்ற பட்டணத்து வீடுகளுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. முதியோர் பல தலைமுறையாக இவ்வீடுகளில் இருந்து மூத்தது இம்மட்டத்தால்தான். தடை இரண்டே: வீதிக்கும் திண்ணைக்கும் இடைப்பட்ட உயரம் ஒன்று, ஒவ்வொரு நிலைக்கும் கீழே கிடக்கும் வாயிற்படி மற்றொன்று. எங்கள் வீட்டில் வீதியிலிருந்து இரண்டாங்கட்டு வரையில் இவ்வாயிற்படிகள் ஏழு. மிகத் தாழ்ந்தது மூன்று அங்குலம். மிக உயர்ந்தது ஆறு.

நல்ல கால் உடையவனுக்கு ஆறு அங்குலம் கண்ணிலே படாது. சக்கரத்துக்கோ அது சுவர். கைத்தடி ஊன்றி வருகிறவருக்கும், முழங்கால் தேய்ந்தவருக்கும், பிள்ளைத்தாய்ச்சிக்கும், கைக்குழந்தையை இடுப்பில் ஏந்தியவளுக்கும் அஃது இடறலே. இவர்களையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் நம் வீட்டு விசேஷங்களுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வளவும் வீட்டுக்குள் நடக்கும் காரியமாயிற்றே, சங்க மேடைக்கு ஏன் கொண்டுவர வேண்டும் என்று கேட்கலாம். இன்று நம் வீடுகள் நமக்கு மாத்திரம் உரியனவாக இல்லை. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலே சேர்ந்தன. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் ஆத்தங்குடியிலும் பர்மாத் தேக்குத் தூண்களையும் பூக்கல் தளத்தையும் காண நாள்தோறும் அயலார் வருகிறார்கள். சில வீடுகள் கட்டணம் பெற்றுக் காட்டப்படுகின்றன. சில விடுதிகளாக மாறியிருக்கின்றன. அவ்வாறு பொதுமக்களுக்குத் திறந்த கட்டடம், சர்க்காருக்கு உரியதானாலும் தனியாருக்கு உரியதானாலும், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி பொதுக்கட்டடமே ஆகும். ஏற்கெனவே நிற்கும் பொதுக்கட்டடங்களை எல்லோரும் அணுகத் தக்கனவாக மாற்ற அச்சட்டம் ஐந்தாண்டுத் தவணை கொடுத்தது. விதிகள் 2017-இல் வெளிவந்தன. ஆகவே தவணை 2022-இலேயே கழிந்தது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, இது பற்றிய விதி வெறும் சிபாரிசாக இருப்பது சட்டத்துக்கே முரண் என்றும், கட்டாயமான விதிகளை வகுக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. வழக்குக்கு அஞ்சிச் செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டணத்தைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு, கால் இல்லாதவரை வீதியில் நிறுத்துவது வாணிபத்தில் பெயர் எடுத்த சமூகத்துக்கு அழகன்று என்று மாத்திரமே சொல்கிறேன்.

இனி, செய்யத்தக்கது யாது? சரிவுப் பாதை என்று உடனே சொல்லிவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் சிலரே. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது பொதுவாக ஏற்கப்பட்ட சரிவு. அதாவது, ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும். எங்கள் தலைவாசற் படிகள் ஐந்தும் சேர்ந்து 35 அங்குலம். ஆகவே 35 அடி நீளமும், நடுவே இளைப்பாறச் சமதளம் ஒன்றும் தேவை. அதனை முகப்பில் அமைத்தால் திண்ணை மறையும், தூண் மறையும், வீதியிலும் பாதி போய்விடும். நீளத்தைக் குறைத்துச் செங்குத்தாக அமைத்தாலோ ஏறுகிறவர் பின்னோக்கிச் சாய்வார். இறங்குகிறவர் ஓடிப் போய் விழுவார். அவ்வகைச் சரிவுகள் பல கட்டடங்களில் இருக்கின்றன. அவை படத்தில் காட்டுவதற்காகக் கட்டியவை, ஏறுவதற்காக அல்ல.

இவ்விடத்தில் கடல் கடந்த ஒரு பழைய வீட்டைப் பற்றிச் சொல்ல அனுமதி கேட்கிறேன். அவ்வீட்டுக்காரரே படியேற இயலாதவர். ஆதலால் அவர் வீடு நமக்குப் பாடமாகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதியாக இருந்த பிராங்க்லின் ரூஸ்வெல்ட், 1921-ஆம் ஆண்டில், தமது 39-ஆம் வயதில், இளம்பிள்ளை வாதத்தால் கால்களின் இயக்கத்தை இழந்தார். ஹைட் பார்க் என்னும் ஊரில் அவர் பிறந்த ஸ்பிரிங்வுட் மாளிகை மாடிகள் உடையது. குறுகிய கதவுகள் உடையது. அவர் அதை இடித்துக் கட்டவில்லை. சாமான்களையும் பெட்டிகளையும் ஏற்றுவதற்காக அங்கே கைக்கயிற்றால் இழுக்கும் சிறிய ஏற்றப் பெட்டி ஒன்று இருந்தது. அதிலே தம் நாற்காலியோடு புகுந்து, தம் கைகளால் கயிற்றை இழுத்துத் தாமே மேலே ஏறினார். நாற்காலியோ, கைப்பிடி இல்லாத சாதாரண வீட்டு நாற்காலிக்குச் சக்கரம் பூட்டியது. அகன்ற ஆஸ்பத்திரி நாற்காலி நுழையாத கதவுகளில் அஃது எளிதாக நுழைந்தது. அம்மாளிகை 1946 முதல் பொதுமக்களுக்குத் திறந்து காட்டப்படுகிறது.

அதே மனிதர் 1938, 39-ஆம் ஆண்டுகளில் அருகிலிருந்த குன்றின்மேல் தமக்கென்று வேறொரு சிறு வீட்டை எழுப்பினார். டாப் காட்டேஜ் என்பது அதன் பெயர். அதிலே வாயிற்படிகள் இல்லை. ஜன்னல்கள், உட்கார்ந்த நிலையிலேயே வெளியே நோக்கும்படி தாழ்ந்து இருந்தன. தாழ்வாரத்துக்குச் செல்ல மண்ணையே சரிவாக அணைத்துவிட்டார்கள். பார்ப்பவருக்கு அது சரிவுப் பாதை என்றே தோன்றாது. புதிய வீட்டைத் தம் உடலுக்கு ஏற்பக் கட்டினார். பழைய வீட்டில், வீட்டுக்கு ஏற்ற நாற்காலியைச் செய்துகொண்டார். ஏறினது பெட்டி ஏறும் வழியேயானாலும் ஏற்றினது அவருடைய சொந்தக் கை. மூட்டையாகப் போக மாட்டேன் என்ற என் அத்தைக்கு இந்தச் செய்தியைச் சொன்னபோது, “கெட்டிக்காரர்தான்,” என்று தலையசைத்தார்.

எங்கள் வீட்டுக்கு மீள்கிறேன். தலைவாசலை அளந்து மனம் சோர்ந்த நான் பக்கவாட்டில் போய்ப் பார்த்தேன். முன்பு வில்வண்டியும் பின்பு மோட்டாரும் நின்ற கொட்டகையிலிருந்து வளவுக்குள் நுழைய ஒரு வாசல் உண்டு. அங்கே இரண்டே படிகள். மொத்தம் 14 அங்குலம். பதினான்கடிச் சரிவு போதும். கொட்டகையின் நீளமோ அதைவிடப் பெரிது. நெடுங்காலமாக அவ்வாசல் பூட்டிக் கிடந்தது. சாவியைத் தேட இரண்டு நாள் ஆயிற்று.

பங்காளிகள் நாங்கள் பதினொரு புள்ளிகள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலுமாகச் சிதறியிருக்கிறோம். பொதுவீட்டில் ஓர் ஆணி அடிப்பதானாலும் அத்தனை பேரும் இசைய வேண்டும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடிதம் எழுதினேன். எதிர்ப்பு மூன்று வகையாக வந்தது. வீட்டின் அழகு கெடும் என்றார் ஒருவர். வருஷத்துக்கு ஒருநாள் வருகிற ஒருவருக்காகவா இவ்வளவும் என்றார் மற்றொருவர். இவ்விரண்டுக்கும் விடை சொல்வது எளிதாகவே இருந்தது. எழுபது வயதைக் கடந்த எங்கள் புள்ளிகளின் பெயரையெல்லாம் ஒரு தாளில் எழுதி, இரண்டாமவர் பெயரையும் அதிலே சேர்த்து, அவருக்கே அனுப்பினேன். மறுமொழி வரவில்லை, அவருடைய கையெழுத்து வந்தது.

மூன்றாவது எதிர்ப்பே மெய்யான எதிர்ப்பு. அதை எழுதியவர் எங்களில் மூத்த அண்ணன். “பிறந்த மகளையும் பெரியோரையும் தலைவாசலில் பன்னீர் தெளித்து அழைப்பதுதான் முறை. வண்டிக் கொட்டகை வழியாக அழைப்பது மரியாதையா? வீதியில் நிற்க வைப்பதிலும் அது பெரிய அவமானம் ஆகாதா?” என்று கேட்டிருந்தார். பல நாள் அதற்கு என்னிடம் விடை இல்லை. அவர் சொன்னது நியாயம். சமையற்காரரும் சாமானும் போகிற வழியாக ஒருவரை மாத்திரம் தனியே அனுப்பினால், அது கதவைத் திறந்துவைத்துக்கொண்டே செய்கிற புறக்கணிப்பு.

விடை என் வீட்டாரிடமிருந்து வந்தது. “பன்னீர்ச் செம்பையும் சந்தனக் கிண்ணத்தையும் கொட்டகை வாசலில் கொண்டுபோய் வையுங்கள். கோலமும் அங்கே போடுவோம். வருகிறவர்கள் எல்லோருமே அவ்வழியாக வரட்டும்,” என்றார். அவ்வளவுதான் காரியம்! வரவேற்பு எந்த வாசலில் இருக்கிறதோ அதுவே அன்றைக்குத் தலைவாசல். அண்ணனுக்கு எழுதினேன். அவர் இசைந்ததோடு, செலவில் பாதியையும் தாமே ஏற்றார். வீடுகளைப் பொதுமக்களுக்குக் காட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்லுவேன். சீட்டு வாங்கும் மேஜையையும் வழிகாட்டி நிற்கும் இடத்தையும் சரிவு உள்ள வாசலில் வையுங்கள். சுகமாக நடக்கிறவரும் அவ்வழியே நுழையட்டும். அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

செய்த முறையையும் சொல்ல வேண்டும். ஆர்வ மிகுதியால் கெடுதல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஓர் ஊரில், ஊர்ப் பெயர் வேண்டாம், நிலையின் அடிச்சட்டத்தையே அறுத்து எறிந்துவிட்டுச் சிமெண்டு பூசியிருக்கக் கண்டு வயிறெரிந்தேன். அது மீளாத நஷ்டம். வேண்டாதபோது எடுத்துவிடக் கூடியதே பழைய வீட்டுக்கு ஏற்ற சரிவு. நாங்கள் இரும்புச் சட்டத்தின்மேல் மரப்பலகை பாவினோம். பலகையில் வழுக்காதிருக்கக் குறுக்கே மெல்லிய கோடுகள் கீறினோம். சக்கரம் விளிம்பு தாண்டாதிருக்க இருபுறமும் சிறு கரை உண்டு. கைப்பிடிக் கம்பிகளைச் சுவரில் அறையவில்லை. அவை சட்டத்திலேயே ஊன்றி நிற்கின்றன. சுண்ணாம்புச் சுவரில் துளையிட்டால் பூச்சு பெயரும். சிமெண்டை அதனோடு ஒட்டிக் கட்டினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உள்ளிருந்தே உதிரும். ஆகையால் சரிவுக்கும் சுவருக்கும் இடையே மூன்று விரற்கடை இடைவெளி விட்டோம்.

உள்ளே இருக்கும் வாயிற்படிகளுக்கு, இருபுறமும் சரிந்த ஆப்புப் பலகைகள் செய்து மேலே கவிழ்த்து வைத்தோம். நிலைப்படியை மிதிக்கலாகாது, தாண்டவே வேண்டும் என்பது நம் வழக்கம். ஓர் ஆச்சி இதையே ஐயமாகக் கேட்டார். சக்கரம் மிதிப்பது பலகையைத்தான், படியை அன்று என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து பலகைக்கும் வைத்துவிட்டார்.

தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆத்தங்குடிக் கல் கண்ணாடியின்மேல் வார்க்கப்படுவதால் அதன் முகம் கண்ணாடி போலவே இழைந்திருக்கும். ஈரம் பட்டால் கைத்தடியின் நுனி நழுவும். அதற்காக ஆங்காங்கே பாய்களை விரிப்பது இன்னும் கேடு. பாயின் ஓரமே காலை வாரும். ஈரத்தை உடனுக்குடன் துடைக்க ஓர் ஆளை வைப்பதும், தடியின் அடியில் தேய்ந்த ரப்பரை மாற்றுவதுமே போதுமானவை. மற்றொன்று: செருப்பைக் கழற்றுங்கள் என்று வாசலில் எழுதி வைக்கிறோம். காலில் இரும்புத் தாங்கி கட்டியவருக்கு அது செருப்போடு பிணைந்தது. கழற்றினால் அவர் நிற்க முடியாது. அவருக்குத் துணி உறை கொடுங்கள். சக்கரத்தை ஈரத் துணியால் துடைத்து உள்ளே விடுங்கள். தளமும் கெடாது, வழக்கமும் கெடாது.

தை மாதத்தில் படைப்புக்கு அத்தை வந்தார். கொட்டகை வாசலில் பன்னீர் தெளித்தோம். நாற்காலியின் சக்கரத்தைத் தம் கையாலேயே உருட்டிச் சரிவில் பாதி தூரம் ஏறினார். எஞ்சிய பாதிக்குத் தம் பேத்தியைத் தள்ளச் சொன்னார். வளவுக்குள் வந்து மேலே வானத்தைப் பார்த்தவாறு சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு முகப்புக்குப் போக வேண்டுமென்றார். அங்கே ரங்கூனில் எடுத்த பழைய புகைப்படம் ஒன்று தொங்குகிறது. பார்க்க வருகிறவர்களுக்காக அதன் கீழே எங்கள் ஐயா, அவர் தம்பி என்று நாங்கள் சீட்டு எழுதி ஒட்டியிருந்தோம். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “இவர் சின்னையா இல்லை. கடைக்கு மேலாளாக இருந்தவர். எனக்குப் பொம்மை வாங்கி அனுப்பினார்,” என்றார். தவறான சீட்டை எத்தனை பேர் படித்துப் போயிருப்பார்களோ அறியேன். அன்று மாலைக்குள் இன்னும் நான்கு படங்களின் சீட்டுகளை மாற்றி எழுதினோம்.

மாடியை மாத்திரம் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. குறுகிய மரப்படி, தேக்குத் தளத்தை வெட்டி மின் ஏற்றம் வைக்க எங்களுக்கு மனமும் இல்லை. அத்தைக்கு மேலே காற்றாடும் அறையைப் பார்க்க ஆசை. என் மகன் கைபேசியை ஏந்திக்கொண்டு ஏறி, அறை அறையாக நடந்து, கீழே இருந்தவருக்குக் காட்டினான். அவர் இருந்த இடத்திலிருந்தே, அந்த ஜன்னலைத் திற, அந்த அலமாரியைத் திற என்று ஏவிக்கொண்டிருந்தார். நேரில் ஏறுவதற்கு அது ஈடாகாது என்பதை அவர் முகமே சொல்லிற்று. மாடியைக் காட்டும் வீடுகளில் அவ்வறைகளின் படத் தொகுப்பு ஒன்றையாவது கீழே வைப்பது நலம். கழிப்பறையும் அவ்வாறே இன்னும் குறையாக நிற்கிறது. பின்கட்டுக்கு அப்பால் இருப்பதை வளவுக்கு அருகே கொண்டுவருவதற்குப் பங்காளிகளின் இரண்டாவது சம்மதத்துக்காகக் காத்திருக்கிறேன். மூன்று பேர் இன்னும் எழுதவில்லை. அவர்களில் ஒருவர் இச்சபையிலே முன்வரிசையில் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன்.

சங்கத்தாரிடம் என் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் வீடுகளின் தலைவாசல், பக்க வாசல், பின்வாசல் ஆகிய மூன்றிலும் வீதிக்கும் தளத்துக்கும் உள்ள உயரத்தை அங்குலக் கணக்கில் அளங்கள். உள் நிலைகளின் அகலத்தையும், வாயிற்படிகளின் எண்ணிக்கையையும் உயரத்தையும் குறியுங்கள். ஒற்றைக் கதவை மாத்திரம் திறந்தால் எவ்வளவு, இரட்டைக் கதவையும் திறந்தால் எவ்வளவு என்று தனித்தனியே எழுதுங்கள். சாதாரணச் சக்கர நாற்காலிக்கு ஏறக்குறைய 26 அங்குலமாவது வேண்டும். அளவுகளைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்பினால், எந்த வீட்டுக்கு எவ்வளவு நீளச் சரிவு தேவை என்று நானும் ஓர் இளம் பொறியாளரும் கணக்கிட்டுத் தருகிறோம். எங்கள் வீட்டு ஆப்புப் பலகைகள் ஏழும் சும்மாவே கிடக்கின்றன. விசேஷத்துக்கு வேண்டுகிறவர்கள் முன்கூட்டிச் சொல்லியனுப்பி எடுத்துப் போகலாம். திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். வரும் பங்குனியில் எங்களுக்கும் ஒரு விசேஷம் இருக்கிறது.